பாறையோரக் கரட்டு நத்தை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட அட்லாண்டிக் கடலின் பாறைக் கரைகளில் ஒரு நத்தை வாழ்கிறது. பெரும்பாலும் சுண்டுவிரல் நகத்துக்குள் அடங்கிவிடும். பிறந்த பாறையிலிருந்து சில மீட்டர் தூரம்கூடத் தாண்டாமல் வாழ்ந்து முடித்துவிடும் நத்தைகளே அதிகம். ஆனால் ஓர் உயிரினம் இடத்துக்கு ஏற்ப எப்படி மாறுகிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டித் தந்த கடல் உயிர்கள் வெகு சில. இதைப் பற்றி என்னிடம் கேட்பவர்களுக்கு வழக்கமாகச் சொல்லும் பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

இது எந்த நத்தை? தமிழில் பெயர் உண்டா?

அறிவியல் பெயர் லிட்டோரினா சாக்ஸாட்டிலிஸ். முதல் சொல் கரையோரத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இரண்டாவது சொல்லுக்குப் பாறைகளிடையே வாழ்வது என்று பொருள். இத்தாலிய இயற்கையாளர் ஜுசெப்பே ஒலிவி 1792-ல் வெனிஸ் பகுதியில் கிடைத்த நத்தைகளுக்கு இந்தப் பெயரைச் சூட்டினார்.

நம் கடலில் இல்லாத உயிர் என்பதால் தமிழில் இதற்கென ஒரு பெயர் வழங்கவில்லை. ஓட்டின்மேல் வரிவரியாக மேடும் பள்ளமும் ஓடுகிற நத்தைகளைத் தடவினால் விரலுக்குச் சொரசொரப்பு தட்டும். அதை வைத்தே கரட்டு நத்தை என்று எழுதுகிறேன். ஆனால் வழவழப்பான ஓட்டோடும் இதே இனம் உண்டு. சாம்பல், பழுப்பு, மஞ்சள், ஆரஞ்சு, கறுப்பு வெள்ளைக் கட்டம் என்று நிறமும் பலவிதம். நிறத்தையும் வரியையும் மட்டும் நம்பி இதை அடையாளம் காண முடியாது.

எங்கெல்லாம் இருக்கிறது?

ஐரோப்பாவில் வடக்கே ஸ்வால்பார்ட், வெண்கடல் தொடங்கித் தெற்கே ஜிப்ரால்டர் வரை. நடுவில் ஐஸ்லாந்து, கிரீன்லாந்து. மறுபக்கம் கனடாவிலிருந்து அமெரிக்காவின் செசபீக் விரிகுடா வரை. இவற்றிலிருந்து வெகுதூரம் பிரிந்து வெனிஸ் கடற்கழியில் ஒரு கூட்டம் தனித்து வாழ்கிறது. தென்னாப்பிரிக்காவின் லாங்கபான், நைஸ்னா கடற்கழிகளிலும் உண்டு. அங்கே மனிதரோடு போய்ச் சேர்ந்தது என்றே கருதப்படுகிறது.

கடல் நத்தை என்கிறீர்கள். பிறகு ஏன் தண்ணீருக்கு மேலே பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது?

இதன் இடமே அதுதான். ஓதம் ஏறினால் நனைந்து, வற்றினால் காய்கிற பட்டையின் மேல்பாதியில்தான் அதிகம் இருக்கும். சில இடங்களில் அலைத் தெறிப்பு மட்டுமே எட்டும் உயரம் வரை ஏறிவிடும். அங்கே வெயில், உறைபனி, மழை கொண்டுவரும் நன்னீர், காய்ந்து தங்கும் உப்பு எல்லாமே ஒரே வாரத்தில் வந்துபோகும்.

இதற்கெல்லாம் நத்தையிடம் இருப்பது இரண்டு எளிய ஏற்பாடுகள். காலின் பின்புறம் கொம்புப்பொருளாலான ஒரு வட்ட மூடி இருக்கிறது. உடலை உள்ளே இழுத்துக்கொண்டால் அந்த மூடி ஓட்டின் வாயைக் கச்சிதமாக அடைத்துவிடும். அடைப்பதற்கு முன் ஓட்டின் உதட்டைத் தன் கோழையால் பாறையோடு ஒட்டிக்கொள்ளும். கோழை காய்ந்ததும் கால் பிடித்துக்கொண்டிருக்க வேண்டிய தேவையே இல்லை. ஓடு தானே தொங்கும். இப்படிப் பல நாட்கள் தாக்குப்பிடிக்கும். செவுள் இருக்கிற அறையின் சுவர் ஈரமாக இருக்கும்வரை காற்றிலிருந்தும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும்.

கீழே இறங்கினால் என்ன என்று கேட்பீர்கள். கீழே ஈரம் உண்டு, ஆனால் பெரும்பாலான கரைகளில் நண்டும் மீனும் அங்கேதான் அதிகம்.

என்ன தின்னும்?

பாறைமேல் படியும் நுண்பாசி, நீலப்பச்சைப் பாசிப் படலம், பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் லைக்கன், பெரிய கடற்பாசிகளின் மேல்தோல். வாய்க்குள் நாடாபோல ஒரு நாக்கு இருக்கிறது. அதில் வரிசை வரிசையாக நுண்பற்கள். அரம் வைத்துத் தேய்ப்பதுபோல அந்த நாடாவால் பாறையைச் சுரண்டும். முன்வரிசைப் பற்கள் தேயத் தேயப் பின்னாலிருந்து புதுவரிசை வளர்ந்து முன்னே வரும்.

ஒரே நத்தைக்கு நூற்றுக்கும் மேற்பட்ட பெயர்கள் என்று படித்தேன். உண்மையா?

உண்மை. உலகக் கடல் உயிரினப் பதிவேட்டைத் தொகுப்பவர்கள் பழைய பெயர்களைச் சரிபார்த்தபோது, மிக அதிகமாக மறுபடி மறுபடி பெயரிடப்பட்ட கடல் உயிர் இதுதான் என்று 2015-ல் அறிவித்தார்கள். மொத்தம் 113 பெயர்கள்.

பெயர் வைத்தவர்கள் கவனக்குறைவானவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு கரையில் தடித்த ஓடு, நீண்ட கூம்பு, ஆழமான வரிகள். அடுத்த கரையில் மெல்லிய ஓடு, உருண்டை வடிவம், அகன்ற வாய். இரண்டையும் மேசைமேல் அருகருகே வைத்துப் பார்த்தால் யாரும் வேறு இனம் என்றுதான் சொல்வார்கள். ஓட்டை மட்டும் பார்த்தார்கள். ஓடு கிடைத்த பாறையைப் பார்க்கவில்லை. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் டேவிட் ரீட் 1996-ல் வெளியிட்ட விரிவான ஆய்வு இந்தக் குழப்பத்தில் பெரும்பகுதியைத் தீர்த்துவைத்தது.

அப்படியானால் வடிவம் ஏன் இவ்வளவு மாறுகிறது?

இந்தப் பக்கத்தில் நீங்கள் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

ஸ்வீடனின் மேற்குக் கரையில், நார்வே எல்லைக்கு அருகே, கோஸ்டர் என்ற தீவுக்கூட்டம் இருக்கிறது. அங்கே ஓதம் ஏறி வற்றும் உயரம் ஏறக்குறைய 30 செ.மீ. மட்டும். ஒரே தீவின் ஒரு பக்கம் உருண்டைக் கற்கள் குவிந்த அமைதியான கரை. சில பத்து மீட்டர் நடந்தால் அலை நேராக வந்து மோதும் மொட்டைப் பாறை.

கற்கரையில் நண்டுகள் உண்டு. நண்டு இடுக்கியால் ஓட்டை நொறுக்கும், அல்லது வாய்வழியே இடுக்கியை நுழைத்து உடலைப் பிடுங்கும். அங்கே பிழைக்க வேண்டுமானால் ஓடு பெரிதாகவும் தடிப்பாகவும் இருக்க வேண்டும். வாய் குறுகலாக இருக்க வேண்டும். அங்குள்ள நத்தைகள் அப்படியேதான் இருக்கின்றன. குணமும் அதற்கேற்றதுதான். லேசாகத் தொட்டாலே உள்ளே போய் மூடிக்கொண்டு, வெகுநேரம் கழித்துத்தான் தலையை நீட்டும்.

மொட்டைப் பாறையில் நண்டு நிற்க முடியாது. அங்கே எதிரி அலைதான். தடித்த ஓடு அங்கே வீண் சுமை. உடல் சிறியதாக இருந்தால் பாறை இடுக்கில் புகுந்துகொள்ளலாம். வாய் அகலமாக இருந்தால் பெரிய காலை வெளியே நீட்டிப் பாறையை இறுகப் பற்றலாம். தொட்டதும் காலை உள்ளே இழுக்கிற நத்தையை அடுத்த அலை அடித்துக்கொண்டு போய்விடும். ஆகவே இந்த நத்தைகள் சிறியவை, மெல்லோடு கொண்டவை, தொட்டாலும் சீக்கிரமே மறுபடி வெளியே வருபவை.

ஆய்வாளர்கள் முதல் வகையை நண்டு வகை என்றும் இரண்டாவதை அலை வகை என்றும் அழைக்கிறார்கள். இவ்வளவு பொருத்தமான பெயர்கள் உயிரியலில் அபூர்வம்.

அது பிறப்பிலேயே வரும் குணமா? வளரும் இடத்தைப் பொறுத்து ஓடு தானாக அப்படி அமைவதாக இருக்கக் கூடாதா?

நியாயமான சந்தேகம். சூழலைப் பொறுத்து ஓரளவு மாற்றம் உண்டுதான். ஆனால் இரு வகைகளையும் ஆய்வகத்தில் ஒரே சூழலில் வளர்த்தாலும் வேறுபாட்டின் பெரும்பகுதி அப்படியே நிற்கிறது. அது மரபுவழி வருவது.

இதைவிட வலுவான சான்று ஒரு விபத்தில் தொடங்கியது. 1988-ல் அந்தக் கடற்பகுதியில் நச்சுப்பாசி ஒன்று பெருகிப் பல உயிர்களைக் கொன்றது. சில மீட்டர் அகலமே உள்ள குட்டிப் பாறைத்திட்டுகளில் இருந்த அலை வகை நத்தைகள் அடியோடு அழிந்தன. 1992-ல் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தின் கெர்ஸ்டின் யோஹான்சன், காலியாகிப்போன அப்படி ஒரு திட்டில் சுமார் 700 நண்டு வகை நத்தைகளைக் கொண்டுபோய் விட்டார். தவறான வகை, தவறான இடம். வேண்டுமென்றே செய்தது.

பிறகு காத்திருந்தார்கள். முப்பது ஆண்டுகளில் அந்தத் திட்டின் நத்தைகள் தலைமுறை தலைமுறையாகச் சிறுத்தன, ஓடு மெலிந்தது, வடிவம் மாறியது. அழிந்துபோன அலை வகையை ஏறக்குறைய அப்படியே ஒத்துவிட்டன. இந்த முடிவுகள் 2024-ல் வெளியாயின. எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி வேறு. அண்டைக் கரைகளில் வாழும் அலை வகை நத்தைகளின் மரபணுக்களைப் படித்து, இந்தத் திட்டில் என்னென்ன மாறும் என்று கணக்கிட்டார்கள். கணிப்பும் நடந்ததும் பெருமளவு பொருந்தின. பரிணாமத்தைப் பின்னோக்கிப் பார்த்து விளக்குவதுதான் வழக்கம். இங்கே எந்தத் திசையில் போகும் என்று சொல்லவும் முடிந்தது.

இவ்வளவு வேகம் எப்படி வந்தது? புதிதாக ஏதோ முளைக்கக் காத்திருக்கத் தேவைப்படவில்லை. கொண்டுவந்து விட்ட நத்தைகளிடமே அலைக்கு ஏற்ற மரபணு வடிவங்கள் அரிதாக ஒளிந்திருந்தன. பக்கத்துப் பாறைகளிலிருந்து எப்போதாவது வந்து சேர்ந்த நத்தைகளும் கொஞ்சம் கொண்டுவந்தன. குரோமோசோமின் சில துண்டுகள் தலைகீழாகத் திரும்பி அமைந்திருப்பதும் இதில் சேர்கிறது. அப்படித் திரும்பிய துண்டில் உள்ள மரபணுக்கள் கலைந்து பிரியாமல் கட்டாகவே பிள்ளைக்குப் போகின்றன.

அப்போது இவை இரண்டு இனங்களா?

இல்லை, ஒரே இனம். கற்கரை முடிந்து பாறை தொடங்கும் எல்லையில் இரண்டும் சந்தித்து இணைகின்றன. கலப்புப் பிள்ளைகள் நலமாக வாழ்கின்றன. ஆனாலும் இரு பக்கமும் இயற்கைத் தேர்வு இழுத்துக்கொண்டே இருப்பதால் கலப்பு அந்தக் குறுகிய எல்லைக்குள்ளேயே நின்றுவிடுகிறது.

ஸ்பெயினின் கலீசியாக் கரையில் இதே கதை கிடைமட்டமாக இல்லாமல் செங்குத்தாக நடக்கிறது. அங்கே ஓதம் மீட்டர் கணக்கில் ஏறி இறங்கும். வரிகளும் பட்டைகளும் கொண்ட பெரிய நண்டு வகை கரையின் மேல்பகுதியில். வழவழப்பான சிறிய அலை வகை கீழே கல்லுமேக்காய்ப் படுகையில். நடுவில், பாறையோடு ஒட்டி வாழும் சிறு ஓட்டுயிர்களான கொட்டலசுகளும் கல்லுமேக்காய்களும் கலந்த பட்டையில் இரண்டும் சந்திக்கின்றன. தன் அளவுக்கு ஒத்த துணையையே பெரும்பாலும் தேர்வதால் அங்கே கலப்பு இன்னும் குறைகிறது. ஸ்வீடன், பிரிட்டன், ஸ்பெயின் மூன்றிலும் ஒரே மாதிரி இரு வகைகள் பெருமளவு தனித்தனியே தோன்றியிருப்பதுதான் இந்த நத்தையை ஆய்வாளர்களிடம் இவ்வளவு பிரபலமாக்கியது.

இது முட்டையிடுமா, குட்டி போடுமா?

குட்டி போடும். பெண்ணின் உடலுக்குள் ஓர் அடைபை இருக்கிறது; நூற்றுக்கணக்கான கருக்கள் அங்கேயே வளரும். வெளியே வரும்போது அரை மில்லிமீட்டர் அளவில் முழு ஓட்டோடு ஊர்ந்து வரும். பிறந்த கணம் முதல் பாறைதான் அதற்கு எல்லாம்.

இதன் நெருங்கிய உறவான லிட்டோரினா ஆர்க்கானா பாறை இடுக்குகளில் வழவழப்பான முட்டைத் திரள்களை இடும். வெளித்தோற்றத்தில் இரண்டையும் பிரித்தறிவது மிகக் கடினம். பெண்ணின் இனப்பெருக்க உறுப்பைப் பார்த்தே உறுதி செய்கிறார்கள். ஆர்க்கானாவைத் தனி இனமாக அடையாளம் கண்டது 1978-ல்தான்.

பாலூட்டிகள் குட்டி போடத் தொடங்கியது மிகப் பழைய காலத்தில், தடயங்கள் மங்கிவிட்டன. இந்த நத்தையிடம் அது அண்மையில், சுமார் ஒரு லட்சம் ஆண்டுகளுக்குள் படிப்படியாக நடந்திருக்கிறது. மரபணுத் தொகுதியின் ஏறக்குறைய 50 இடங்களில் நடந்த சிறு சிறு மாற்றங்கள் ஒன்றுகூடி இதைச் செய்திருக்கின்றன என்று 2024-ல் வெளியான இன்னோர் ஆய்வு காட்டியது.

நீந்தும் பருவமே இல்லாத நத்தை நடுக்கடல் தீவுகளுக்கு எப்படிப் போனது?

ராக்கால் என்று ஒரு பாறை. ஸ்காட்லாந்துக்கு மேற்கே, செயின்ட் கில்டா தீவிலிருந்தும் சுமார் 300 கி.மீ. தள்ளி, அட்லாண்டிக் நடுவே ஏறக்குறைய 17 மீட்டர் உயரத்தில் தனியாக நிற்கிறது. அங்கே கரட்டு நத்தை இருக்கிறது. இதன் பெரிய உறவு லிட்டோரினா லிட்டோரியா அங்கே இல்லை. லிட்டோரியாவின் முட்டைகளும் இளம்புழுக்களும் வாரக்கணக்கில் கடலில் மிதக்கக் கூடியவை. மிதப்பது அல்லவா தூரம் போக வேண்டும்?

யோஹான்சன் 1988-ல் இந்தப் புதிருக்குத் தந்த விடை எனக்கு இன்றும் சலிக்கவில்லை. மிதக்கும் புழு ஒன்று ராக்காலை அடைந்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். அது வளர்ந்து துணை தேட வேண்டும். இணைந்தாலும் அடுத்த தலைமுறைப் புழுக்கள் நீரோட்டத்தோடு போய்விடும், பாறைக்குத் திரும்பாது. கரட்டு நத்தையில் அப்படி இல்லை. பாசித்துண்டிலோ மரத்துண்டிலோ ஒட்டி ஒரே ஒரு சூல்கொண்ட பெண் வந்து சேர்ந்தால் போதும். அவள் ஒருத்தியே ஒரு கூட்டம். பிள்ளைகளும் பிறந்த இடத்தைவிட்டுப் போகாது.

ஒரு பெண் எத்தனை ஆண்களோடு இணையும்?

ஸ்வீடனில் சில பெண் நத்தைகளின் அடைபையில் இருந்த கருக்களுக்கு மரபணுச் சோதனை செய்து பார்த்தார்கள். ஒவ்வொரு பெண்ணின் பிள்ளைகளுக்கும் 15 முதல் 23 தந்தையர் வரை இருந்தனர். ராக்கால் கதைக்கும் இது பொருந்துகிறது. வந்து சேர்ந்தவள் ஒருத்தியானாலும், அவள் சுமந்து வந்த மரபு வளம் பலருடையது.

ஆண்கள் பெண்ணைத் தேடுவது கோழைத்தடத்தைப் பின்தொடர்ந்துதான். ஓயாத இந்தத் தொல்லையைக் குறைக்கத் தன் தடத்தில் பெண் என்று காட்டும் அடையாளத்தை இந்த இனத்தின் பெண்கள் மறைப்பதாகத் தெரிகிறது. இதனால் ஆண்கள் பல நேரம் இன்னோர் ஆணின் தடத்தைப் பிடித்தும் போகின்றன.

இதற்கு நோய், எதிரிகள்?

நண்டு, மீன், பறவைகள். அவற்றைவிடக் கொடியது மைக்ரோஃபாலஸ் என்ற தட்டைப்புழு வகை. பறவை எச்சத்தில் வரும் இதன் முட்டையைத் தின்ற நத்தைக்குள் புழு பெருகும், நத்தை மலடாகிவிடும். அதோடு நிற்பதில்லை. இவற்றில் ஒரு வகைப் புழு தாக்கிய நத்தைகள் ஒளிவிடத்தை விட்டுப் பாறையின் மேல்புறம் திறந்த இடத்துக்கு ஏறி வருகின்றன. கடற்காகத்தின் கண்ணில் எளிதாகப் படும். புழுவின் அடுத்த பருவம் கடற்காகத்தின் குடலில்தான்.

சாப்பிடலாமா?

இதற்குள் சதை மிகக் கொஞ்சம். பிரிட்டன், அயர்லாந்து, பிரான்ஸ் நாடுகளில் வேகவைத்து ஊசியால் சுருட்டி எடுத்துத் தின்பது பெரிய உறவான லிட்டோரியாவை.

தமிழ்நாட்டுக் கரையில் இதைப் பார்க்க முடியுமா?

இதைப் பார்க்க முடியாது. இதன் குடும்பத்தைப் பார்க்கலாம். பிச்சாவரத்தில் சுரபுன்னை, கண்டல் மரங்களின் தண்டிலும் வேரிலும் ஒட்டியிருக்கும் லிட்டோராரியா நத்தைகள் அதே குடும்பம். வெயில் அடிக்கும் கடற்கரைப் பாறைகளில் வாழும் எக்கினோலிட்டோரினா நத்தைகளும் அதே குடும்பம்தான். வெப்பமண்டலத்தில் இவற்றின் போராட்டம் சூட்டோடு. எக்கினோலிட்டோரினா வகைகள் சில, சுடும் பாறையில் உடல் படாமல் ஓட்டின் உதட்டு விளிம்பை மட்டும் ஊன்றி நின்றுகொள்ளும். அடுத்த முறை நண்பகலில் பாறைக் கரைக்குப் போனால் கொஞ்சம் குனிந்து பாருங்கள்.

வெளிநாட்டில் இருக்கிறேன், அங்கே இதைப் பார்க்கப் போகிறேன். கவனிக்க வேண்டியது என்ன?

கடல் வற்றும் நேரம் பார்த்துப் போங்கள். முதலில் கரையின் மேல்பகுதி இடுக்குகளையும், காலியான கொட்டலசு ஓடுகளுக்குள்ளும் பாருங்கள். குட்டிகள் பெரும்பாலும் அங்கேதான் ஒடுங்கியிருக்கும். ஒரு நத்தையை எடுத்து ஓட்டின் தடிப்பையும் வாயின் அகலத்தையும் பார்த்த பிறகு, சுற்றிலும் நண்டு ஒளியக் கற்கள் உண்டா, அலை நேராக மோதுகிறதா என்று பாருங்கள்.

பார்த்ததும் எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். பத்தடி தள்ளி வைத்தாலும் அது அந்த நத்தைக்கு வேறு ஊர். இன்னொரு கடலுக்கு இதைக் கொண்டுபோகவே கூடாது. அமெரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து தூண்டில் புழுக்களை ஈரப் பாசியில் சுற்றி சான் பிரான்சிஸ்கோவுக்கு அனுப்பினார்கள். அந்தப் பாசியில் ஒட்டிச் சென்ற கரட்டு நத்தைகள் அந்த விரிகுடாவில் இறங்கிக் குடும்பம் நடத்தத் தொடங்கிவிட்டன. புரட்டிய கல்லையும் மறுபடி பழையபடி கவிழ்த்து வையுங்கள். அதன் அடிப்பக்கத்தில் வாழ்பவற்றுக்கு வெயில் ஆகாது.